தியாகமா... பலியா?

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? அக்காவோ, அண்ணனோ, கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு சித்தப்பாவோ, அத்தையோ... 'அவங்க மட்டும் இல்லேன்னா நாங்கள்லாம் நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்' என்று விசேஷ வீடுகளில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் எல்லோரும் உருகிப் பேசுவார்களே... அந்த ஒருவர்?

இருந்தால், இந்த வாரம் நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விஷயம் ஒரு பூங்கொடியில் ஆரம்பிக்கிறது.

என் அக்கா குன்னூரில் இருக்கிறாள். தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 41 வருஷம் வேலை பார்த்து, 2015-ல் ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுத்ததுதான். மலைச் சரிவில் சின்ன வீடு. முன்னால் மூன்று சென்ட் தோட்டம். மலையில் மூன்று சென்ட் என்றால் மூன்று படி என்று அர்த்தம். மேல் படியில் ரோஜா, நடுப் படியில் முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும், கீழ்ப் படியில் எதுவும் வராது, வெறும் கல். அந்தக் கோஸ் பாத்தியின் ஓரமாகச் சணல் கயிறுகளைக் கட்டி ஒரு கொடியை ஏற்றிவிட்டிருக்கிறாள். பெயர் நஸ்டர்ஷியம்.

ஊட்டி, குன்னூர் பக்கம் போயிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாமல் தாண்டிப் போயிருப்பீர்கள். வட்ட வட்டமாக இலை. காம்பு, இலையின் ஓரத்தில் இருக்காது. முதுகின் நடுவில் இருக்கும். குட்டித் தாமரை இலை போலவே தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். பூ ஆரஞ்சு, மஞ்சள், ரத்தச் சிவப்பு. பின்பக்கம் ஒரு வால். இலையை ஒரு துண்டு கிள்ளி மென்றால் கடுகைக் கடித்த காரம் சுரீரென்று மூக்குக்கு ஏறும். பூவையும் சாப்பிடலாம். தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலைப்பக்கம் பிறந்து, ஐரோப்பா போய், நம் நீலகிரி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

போன செப்டம்பரில் போயிருந்தபோது, "அக்கா, எனக்கும் நாலு விதை கொடு. சென்னையில மாடியில போடறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்குடா இந்த வேலை? துளசிச் செடியையே காய வெச்சவன் நீ" என்றாள். ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள்.

விதை மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டுதான் பிறக்குமாம். காய்ந்ததும் தனித்தனியாகப் பிரிந்துவிடுமாம். (எங்கள் வீட்டிலும் நாங்கள் மூன்று பேர்தான். அப்போது எனக்கு இது தோன்றவில்லை.) பார்க்கச் சுருங்கிப்போன கொண்டைக்கடலை மாதிரி இருக்கிறது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் அரை விரல்கணு ஆழத்தில் புதைத்து, வெளிச்சம் படாதபடி மண்ணை மூட வேண்டும். எங்கே வளரப்போகிறதோ அங்கேயே விதைத்துவிட வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும். பத்து நாளில் முளை தெரியும்.

"உரத்தை மட்டும் அள்ளிக் கொட்டிடாதே. சத்தான மண்ணுல போட்டா இலையா வரும், பூ வராது. கஞ்சத்தனமா வளர்த்தாத்தான் பூக்கும்."

கொடி ஏறுகிற விதத்தையும் காட்டினாள். பாகலுக்கும் பீர்க்கனுக்கும் இருக்கிற மாதிரி சுருள் சுருளான பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. இலைக் காம்பேதான் கை. எதையாவது தொட்டதும் அந்தக் காம்பு வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தடிமனான மூங்கிலை நட்டு வைத்தால் பிடிக்க முடியாமல் சரிந்துவிடும். மெல்லிய கயிறு, கம்பிவலை என்றால் ஆறேழு அடி சரசரவென்று போகும்.

குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒரு கொடியின் நுனி முழுக்கக் கறுப்பாக அசுவினி அப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு இலையைப் பச்சைப் புழு ஒன்று சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"அய்யய்யோ... மருந்து அடிக்கலையா?"

அக்கா சிரித்தாள். "மருந்தா? அதுக்காகத்தானே இதை வளர்க்கிறதே! இது இங்கே நிக்கிற வரைக்கும் பூச்சிக்கு இதைத் தின்னவே நேரம் சரியா இருக்கும். என் கோஸ் பிழைச்சுக்கும்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உங்களுக்கு வயல்வெளிப் பரிச்சயம் இருந்தால் இது புதிதாக இருக்காது. 'பொறிப்பயிர்' என்பார்கள். நிலக்கடலை வயலின் வரப்பைச் சுற்றி ஆமணக்கு போடுவது இதற்குத்தான். புரொடீனியா அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் உயிர். முட்டையை அங்கே போய் இட்டுவிடும். முட்டைக்கோஸில் 25 வரிசைக்கு 2 வரிசை கடுகு விதைக்கச் சொல்வார்கள். வைர முதுகு அந்துப்பூச்சியைக் கடுகு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நஸ்டர்ஷியம் செய்வதும் அதே வேலைதான். கோஸ், கடுகு, நஸ்டர்ஷியம் மூன்றிலும் அதே கடுகுக் காரம். ஒரே குடும்பம் இல்லை, தூரத்துச் சொந்தம். வெள்ளை வண்ணத்துப்பூச்சி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் முட்டையிட வருகிறது. வாசனையில் ஏமாந்து, கோஸுக்குப் பதிலாகக் கொடியில் இறங்குகிறது.

நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று எந்த விவசாய அதிகாரியும் சொல்ல மாட்டார். ஆனால் யோசனை என்னவோ இதுதான். ஒன்றைத் தின்னக் கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றுவது.

இந்தக் கொடிக்கு 'ட்ரோப்பியோலம்' என்று விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ். அவருடைய 1753-ஆம் வருஷப் புத்தகத்தில் இருக்கிறது. பழைய கிரேக்க, ரோமானியப் போர்களில் ஜெயித்தவர்கள் ஒரு கம்பத்தை நட்டு, தோற்றவர்களின் கேடயங்களையும் தலைக்கவசங்களையும் அதில் தொங்கவிடுவார்களாம். வட்ட இலை கேடயம், சிவப்புப் பூ ரத்தம் படிந்த தலைக்கவசம்... கொடி ஏறிய கம்பத்தைப் பார்த்ததும் லின்னேயஸுக்கு அந்த வெற்றிக் கம்பம் ஞாபகம் வந்திருக்கிறது. வெற்றியின் பெயர்தான். ஆனால் கம்பத்தில் தொங்குவதெல்லாம் தோற்றவனுடையது.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்: "பாவம் இல்லையா அக்கா அந்தக் கொடி?"

"கொடிக்கு என்னடா பாவம்? அதுக்கு ஒண்ணும் தெரியாது." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "தெரிஞ்சாதான் கஷ்டம்."

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "நீகூட எங்களுக்காக எவ்வளவு தியாகம்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதே!"

இத்தனை வருஷத்தில் அக்கா என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"தியாகம் பண்றேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீங்களா சொன்னீங்க. அம்மா சொன்னா, அண்ணன் சொன்னான், சொந்தக்காரங்க சொன்னாங்க. சொல்லிச் சொல்லியே என்னை வாயைத் திறக்க விடாமப் பண்ணிட்டீங்க. தியாகி எங்கேயாவது போய், 'எனக்கும் ஒரு புடவை வேணும்'னு கேட்க முடியுமாடா?"

கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பாலசந்தர் 1974-ல் 'அவள் ஒரு தொடர்கதை' எடுத்தார். அதே வருஷம் எங்கள் அப்பா இறந்தார். அக்காவுக்கு 19, தம்பி 12, எனக்கு 9. (அந்தப் 12 வயசுத் தம்பிதான் எனக்கு அண்ணன்.) அக்கா காலேஜை விட்டு வேலைக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். 1979-ல் ஒரு நல்ல வரன் வந்தது. 'பசங்க படிப்பு முடியட்டும்' என்றார்கள். முடிந்தது. அண்ணனுக்கு வேலை கிடைத்தது. 'சின்னவனும் ஒரு வேலையில உட்காரட்டும்' என்றார்கள். நானும் உட்கார்ந்தேன். அதற்குள் அக்காவுக்கு முப்பது தாண்டி, வரன் பேச்சையே எல்லோரும் நாசூக்காக மறந்துவிட்டார்கள்.

இதில் யார் கெட்டவர்? யாருமே இல்லை. 1974-ல் என் அம்மாவுக்கு வேறு வழியே கிடையாது என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். மூன்று பேரும் பட்டினி கிடப்பதா, ஒருத்தி வேலைக்குப் போவதா? நீங்கள் என் அம்மாவாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதைத்தான் செய்திருப்பீர்கள்.

சரி, 1984-ல்? அண்ணன் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு? அப்போது வேறு வழி இருந்தது. நெருக்கடிக்கு ஒரு முடிவுத் தேதி வந்தது. அந்தத் தேதியை வீட்டில் யாரும் காலண்டரில் பார்க்கவில்லை. அறுவடை முடிந்த பிறகும் பொறிப்பயிர் வரப்போரமே நின்றுகொண்டிருந்தது.

அந்த ராத்திரி ஒரு விஷயம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. நம் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. தியாகம், பலி. தியாகத்தைச் 'செய்வார்கள்'. பலியைக் 'கொடுப்பார்கள்'. தியாகத்தைத் தானேதான் செய்ய முடியும். ஒருவருக்காக இன்னொருவர் தியாகம் செய்துகொடுக்க முடியாது. பலி அப்படி இல்லை. அதைக் கொடுப்பவர் வேறு, கழுத்தை நீட்டுபவர் வேறு. வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? கொடுத்தது பலி. வெளியே சொல்லிக்கொள்வது தியாகம். சொல்லை மாற்றிவிட்டால் கொடுத்தவர் மறைந்துவிடுகிறார். செய்தவர் மட்டும் மேடையில் நிற்கிறார், மாலையோடு.

கூவாகத்து அரவானை நினைத்துப் பாருங்கள். பாண்டவர்கள் ஜெயிக்க வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். கிருஷ்ணனுக்கு அந்த லட்சணம் உண்டு, அர்ஜுனனுக்கும் உண்டு. ஆனால் இரண்டு பேருமே 'தேவைப்படுகிற' ஆட்கள். மிச்சம், அர்ஜுனன் பெற்ற பிள்ளை அரவான். அவன் ஒப்புக்கொண்டான் என்றுதான் கதை சொல்கிறது. இருக்கட்டும். ஆனால் அவன் ஒரு நிபந்தனை போட்டான் பாருங்கள், கல்யாணமாகாமல் சாக மாட்டேன் என்று! சாவதற்கு முன்னால் கிருஷ்ணனையே மோகினியாக வரவழைத்துத் தாலி கட்டிக்கொண்டான். அரவானிடமாவது 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அதுகூடக் கேட்கவில்லை.

ஜெர்மன் தத்துவ மேதை இமானுவேல் கான்ட் 1785-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இந்த விஷயத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்த 'மட்டும்' முக்கியம். நாம் எல்லோருமே ஒருவருக்கொருவர் கருவிதான். பஸ் டிரைவர் இல்லாமல் நான் ஆபீஸ் போக முடியாது. ஆனால் டிரைவருக்கும் ஒரு வீடு, ஒரு ஆசை, 'இன்னிக்கு லீவு' என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. கொடிக்கு வாய் இல்லை. அதனால் அதைக் கேட்காமல் நடலாம். அக்காவுக்கு வாய் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'சரி, நானே போறேன்' என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தால் அதுதான் தியாகம். கேட்காததனால் அவளுடைய தியாகத்தையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டுவிட்டோம்.

இதுவரை சொன்னதெல்லாம் அம்மா காலத்துக் கதை என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், 1991 என்னுடையது.

அம்மா இறந்து ஒரு வருஷம் கழித்துக் கும்பகோணம் வீட்டை விற்றோம். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எதுவும் கிடையாது. 1956-லிருந்தே சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கு என்ன பங்கோ, மகளுக்கும் அதே பங்கு. எங்களுக்கு அது தெரியும். தெரிந்ததனால்தான் 'விடுதலைப் பத்திரம்' தயார் செய்தோம். பெயரைக் கவனித்தீர்களா? பங்கை விட்டுக்கொடுக்கிறவர் எழுதித் தருகிற பத்திரத்துக்கு நம் ஊரில் அதுதான் பெயர். யாருக்கு விடுதலை என்று கேட்காதீர்கள்.

அக்கா குன்னூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, காலையில் நேராகப் பதிவு அலுவலகத்துக்கு வந்து இறங்கினாள். பத்திரம் ஏற்கெனவே முத்திரைத்தாளில் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அவள் படித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். இடது கட்டைவிரல் ரேகை வைத்தாள். வாசலில் இருந்த குழாயில் மையைக் கழுவிக்கொண்டு, 'லீவு இல்லடா' என்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். என் பங்குப் பணம்தான் சென்னையில் நான் வாங்கிய ஃப்ளாட்டுக்கு முன்பணம். இதை நான் எழுதிக்கொண்டிருப்பது அந்த ஃப்ளாட்டில் உட்கார்ந்துதான்.

'அக்காவுக்குக் குடும்பமா, குட்டியா? அவங்களுக்கு எதுக்கு?' என்று அப்போது ஒரு சொந்தக்காரர் சொன்னார். நான் தலையாட்டினேன். குடும்பம் இல்லாமல் போனதற்கு நாங்கள்தான் காரணம். இப்போது குடும்பம் இல்லை என்பதே பங்கு இல்லாததற்கும் காரணம். எவ்வளவு நேர்த்தியான கணக்கு பாருங்கள்!

மறுநாள் காலையில் எழுந்தபோது அக்கா தோட்டத்தில் இருந்தாள். கையில் ஒரு பழைய மக். கொடி கொடியாக இலைகளைத் திருப்பிப் பார்த்து, அசுவினி இருக்கிற நுனிகளில் தண்ணீரை விசிறி அடித்துக்கொண்டிருந்தாள். ரொம்பப் பாழான நுனிகளைக் கிள்ளி ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரில் போட்டாள். புழுவையும் பொறுக்கிப் போட்டாள்.

"தின்னட்டும்னு விட்டுட்டேன்னு நினைச்சேன்" என்றேன்.

"அப்படியே விட்டா அவ்வளவுதான். இதுலயே பெருகி, இது செத்ததும் மொத்தக் கூட்டமும் கோஸுக்குத் தாவிடும். கோஸைக்கூட ரெண்டு நாளைக்கு ஒருக்க பார்த்தாப் போதும். இதைத் தினம் பார்க்கணும்."

ஆமணக்குக்கும் அதே விதிதான். ஆமணக்கு இலையில் இருக்கிற முட்டைக் குவியலையும் இளம் புழுக்களையும் இலையோடு கிள்ளி எடுத்து அழிக்க வேண்டும். ஆமணக்கை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவன் பூச்சிக்குப் பண்ணை வைத்துக்கொடுக்கிறான். வயலில் அதிகம் கவனிக்கப்பட வேண்டிய செடி, விற்கப்போகிற செடி இல்லை. வரப்போரம் நிற்கிற செடி.

நான் மாதம் ஒரு தடவை அக்காவுக்குப் போன் பேசுகிறவன். அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, எட்டு நிமிஷம்.

மழை ஓய்ந்ததும் டிசம்பர் முதல் வாரத்தில் மொட்டைமாடித் தொட்டியில் ஆறு விதை போட்டேன். சென்னை வெயிலுக்கு இது ஆகாத கொடி. பனிக்காலம் ஒன்றுதான் வாய்ப்பு. ஆறில் நாலு முளைத்தது. பழைய கொடிக்கயிற்றைப் பிரித்துக் கட்டிவிட்டேன். இலைக்காம்பு கயிற்றைத் தொட்டு, யோசித்து, மெதுவாகச் சுற்றிக்கொள்வதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். பிப்ரவரியில் முதல் பூ. ஆரஞ்சு நிறம். அதை வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

"அக்கா, பூத்துடுச்சு."

"அடப்பாவி! உரம் போடலையே?"

"இல்ல. அக்கா... ஒண்ணு கேட்கணும். கும்பகோணம் வீடு வித்தோமில்ல... அதுல உன் பங்கு..."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பேப்பர் டைப் அடிச்சுட்டியா?" என்றாள்.

"இல்லக்கா. உன்னைக் கேட்டுட்டுத்தான்..."

மறுபடி கொஞ்ச நேரம் மௌனம்.

"இதெல்லாம் போன்ல பேசற விஷயமா? ஏப்ரல்ல வா. கோஸ் பறிக்கிற நேரம். உங்க அண்ணனையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் வந்து நேர்ல கேளுங்க."

நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். அண்ணனை இன்னும் கேட்கவில்லை.